வாசல்லயே அடிச்சுக்கறயா கண்ணு?

ஏங் கண்ணு, கேட்டுத் தூணுல உரசுன பம்பரையும் பின் கதவையும் நீயே வாசல்ல வெச்சுப் பெயின்ட் அடிச்சுக்கறேன்னு உங்கம்மாகிட்டச் சொன்னயாமா? அடிச்சுக்க சாமி, தாராளமா அடிச்சுக்க. பட்டறைக்காரன் சொன்ன காசக் கேட்டு உனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சுன்னாங்க. போனுல 12 நிமிசப் படம் ஒண்ணு பாத்தயாம், அதுல ஒருத்தன் காப்பி குடிச்சுக்கிட்டே வேலய முடிச்சுட்டானாம். நானு நாமக்கல்லுல லாரி பாடி பட்டறைல 31 வருசம் பெயின்ட் பீச்சற கன்னு புடிச்சவன். அந்தப் படத்த அப்பவே ஆராச்சும் காட்டியிருந்தா நானும் மூணு பொழுதும் காப்பி குடிச்சுக்கிட்டுச் சொகமா இருந்திருப்பேன்.

மொதல்ல ஒண்ணு சொல்றேன், வண்டியக் கழுவீராதே. கழுவறதெல்லாம் வேல தெரியாதவன் பண்றது. டேஷ்போர்டு மினுங்கோணும்னு பாட்டல்ல என்னமோ வாங்கித் தேச்சயே, அந்த மாதிரிப் பாலிசுல சிலிக்கான் இருக்கும். அது கதவு மேல பட்டா பட்டபடி இருக்கட்டும். உங்க அமுச்சி பக்கத்துலயே வடை சுடட்டும். நீயும் தலைக்குத் தேங்காயெண்ணெய் நெம்ப வெச்சுக்கிட்டு வந்து, தலயத் தடவுன கையிலயே கதவையும் தடவிப் பாரு. அப்பறம் பெயின்ட அடி. எண்ணெ இருக்கற எடத்துலயெல்லாம் பெயின்ட் வெலகிக்கிட்டுக் குழிகுழியா நிக்கும். பட்டறைல அதுக்கு மீன்கண்ணுன்னு பேரு. ஒரு கதவுல நாப்பது மீனாவது மாட்டும், கொழம்பு வெக்கத்தான் ஆகாது.

மீனு வேண்டாம்னா, சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி, கிரீஸ் எடுக்கற திரவத்த ஒரு துணில நனச்சுத் தொடச்சு, அது காயறதுக்குள்ள இன்னொரு துணில ஒத்தி எடுக்கோணும். இத உப்புத்தாள் புடிக்கறதுக்கு முன்னாலயே செய்யோணும். இல்லீன்னா அந்த எண்ணெயத் தேச்சுத் தேச்சு உள்ள ஏத்தீருவ.

அப்பறம் பட்டி. கதவுல இருக்கற நெளிசல ஒடுக்கெடுக்காம, குழி முச்சூடும் பட்டி வெச்சு ரொப்பீரு. ஒரு விரக்கட கனத்துக்கு வெச்சாலும் மேல பாத்தா ஆருக்குந் தெரியாது. ஒரு வருசம் கதவ அடிச்சு அடிச்சுச் சாத்துனா அதுவாவே வெடிச்சுக் காட்டும். பட்டிக்கு ஒரு ஹார்டனர் டியூப் குடுப்பான், பட்டி 100 கிராமுக்கு அது 2 கிராம் போல இருந்தாப் போதும். நீ எச்சாப் போடு, சீக்கிரமாக் காயட்டும். எச்சானதெல்லாம் அங்கயே உக்காந்திருந்து, மேல கலர் அடிச்சதுக்கப்பறம் கறையா எட்டிப் பாக்கும். கம்மியாப் போட்டயா, மேல காஞ்சு உள்ள பச்சையாவே இருக்கும்.

தேய்க்கறதப் பத்தி மட்டும் நான் வெளையாட்டுக்குப் பேசமாட்டேன் கண்ணு. பெயின்ட் வேலைன்னு ஊரு சொல்றது தேய்க்கற வேலையத்தான். கன்னப் புடிச்சு அடிக்கறது அரை மணி நேரம், அதுக்கு முன்னால ரண்டு நாளு தேய்க்கோணும். பட்டறைக்காரன் உங்கிட்டக் கேட்டதும் அந்த ரண்டு நாளுக் கூலிதான், பெயின்ட் வெல அதுல கொஞ்சம்தான். பட்டிக்கு 80ஆம் நம்பர் தாளுல ஆரம்பிச்சு 180, 320ன்னு ஏறோணும். 80ல போட்ட கீறல 600 போயி அழிக்குமான்னு கேக்காதே, அழிக்காது. ஒவ்வொரு நம்பரும் அதுக்கு முந்துன நம்பரோட கோட்ட மட்டுந்தான் அழிக்கும். விரல்ல தாள வெச்சுத் தேச்சயின்னா விரலு பதிஞ்ச எடமெல்லாம் வாய்க்காலு வெட்டுன மாதிரி பள்ளமாயிரும். ஒரு மரக்கட்டைல தாளச் சுத்திக்கோணும். பட்டிய ஈரம் போட்டுத் தேய்க்கப்படாது, அது தண்ணியக் குடிக்கும். குடிச்ச தண்ணி உள்ளயே இருந்து, பின்னால கொப்புளமாத் தூக்கும், தகடு துருவேறும். நாங்க அந்தக் காலத்துல தண்ணி ஊத்தி ஊத்தித்தான் தேச்சோம், அதே வண்டிக ரண்டு வருசங் கழிச்சுக் கொப்புளத்தோட திரும்பி வரும். மொதலாளி ஓட்டுன டிரைவர வைவாரு, நாங்க அக்கட்ட திரும்பிக்குவோம்.

தேச்சது சமமாச்சான்னு கண்ணால பாக்காதே. எங்க மேஸ்திரி ஒருத்தரு, கதவு மேல மெல்லிசு வேட்டித் துணியப் போட்டு, கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கைய மெதுவா ஓட்டுவாரு. துணி இருந்தாக் கை வழுக்கும், மேடு பள்ளம் மட்டும் தட்டும். "இங்க ஒரு நூலு பள்ளம்"பாரு. பிரைமர் அடிச்சு அது மேல லேசாக் கருப்புத் தூவி, கட்டையில தேச்சுப் பாத்தா, கருப்பு போகாம நிக்கற எடம் கரெக்டா அவரு சொன்ன எடமா இருக்கும். நானு பத்து வருசம் முயற்சி பண்ணியும் அந்தக் கை எனக்கு வல்லே.

இனி பம்பருக்கு வா. அது தகடுன்னு நெனச்சுக்கிட்டயா? முக்காவாசிக் காருல அது பாலிபுரப்பிலீன். நோம்பிக்கு வாடகைக்கு எடுக்கறமே பிளாஸ்டிக் சேரு, அதுவும் அதே வகையறாதான். அந்தச் சேருல எந்தப் பெயின்டாவது ஒரு வருசம் ஒட்டிப் பாத்திருக்கறயா? கீறலுல பிளாஸ்டிக் தெரியற எடத்துல, பிளாஸ்டிக் பிரைமர்னு தனியா விக்கறானே, அத மெல்லிசா ஒரு கை அடிக்காம நேரா கலர் அடிச்சயின்னா, மொத நாளு கண்ணாடி மாதிரி இருக்கும். அப்பறம் ஒரு நாளு சர்வீஸ் ஸ்டேசன்ல தண்ணிய வேகமாப் பீச்சுவான். வெங்காயத்தோலு மாதிரி கழண்டு ரோட்டுல பறக்கும், அத நின்னு ரசிக்கலாம்.

கலருல ஒரு கூத்து இருக்குது. "வெள்ளக் காருதானே, வெள்ளப் பெயின்ட் வாங்கிக்கலாம்"னு கடைக்குப் போயிருப்ப. எருமப்பாலும் வெள்ளை, பசும்பாலும் வெள்ளை, ரண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. வண்டி எந்த வெள்ளைன்னு முன் கதவத் தொறந்தா நடுத்தூணுலயோ, பானெட்டுக்குள்ளயோ ஒரு ஸ்டிக்கர்ல நம்பர் போட்டிருப்பான். அதக் குடுத்துக் கலக்கச் சொன்னாலும் வெயில்ல நின்ன வண்டி வெளுத்துத்தான் இருக்கும். மெட்டாலிக்னா இன்னும் பாடு. ஒரே டப்பாப் பெயின்ட ஈரமா அடிச்சா இருட்டா நிக்கும், காஞ்சாப்பல அடிச்சா வெளுத்து நிக்கும். கம்பெனியிலயே பம்பரத் தனியாத்தான் அடிக்கறான், சூட்டுல வெச்சா பிளாஸ்டிக் நெளிஞ்சுருமல்ல. பாடிய 140 டிகிரில வாட்டுனா பம்பர 80 பக்கத்துலதான் வாட்டுவான். அதனால புது வண்டியிலயே ரண்டும் சித்தே ஒட்டாமத்தான் நிக்கும். நீ மட்டும் நெளிசல் எடுத்த எடத்துல அளவாச் சதுரமா ஒரு கட்டம் அடிச்சு நிறுத்தீரு. வண்டிக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி அடையாளம் தெரியும், கோயில் வாசல்ல நிறுத்துனாலும் ஈசியாக் கண்டுபுடிச்சுக்கலாம்.

கன்னு புடிக்கறத நீயே கத்துக்குவ. தகட்டுக்கு ஒரு சாணுக்குச் சித்தே கொறச்சலா நிக்கோணும், உழவு ஓட்டற மாதிரி ஒவ்வொரு சாலும் முந்துன சால்ல பாதி ஏறோணும், சாலு முடியற எடத்துல கைய மடக்கப்படாது. கிட்டப் போனா வழியும், தள்ளி நின்னா ஆரஞ்சுத்தோலு மாதிரி சொரசொரன்னு வரும். ஆடி மாசமாப் பாத்து அடி, காத்து நல்லாருக்கும், புழுதியெல்லாம் அதுவாவே வந்து ஒட்டிக்கும். ஐப்பசி மழையிலயும் அடிக்கலாம், சில பெயின்ட் ஈரத்துல பால் மாதிரி வெளுத்துக் காட்டும். பொழுதோட அடிச்சா வெளக்கு வெளிச்சத்துக்குக் கொசு வரும். பக்கத்தூட்டுக்காரரு கருப்புக் காரு வெச்சிருக்கறாரு, உன்ற வெள்ளப் பொகை அது மேல படிஞ்சா உப்புத்தாள் கணக்காச் சொரசொரங்கும். அவரு வக்கீலு, பேசிக்குவாரு.

அந்தக் கன்னுக்கு ஒரு கத இருக்குது. அமெரிக்காவுல டொலிடோன்னு ஒரு ஊரு, அங்க டாக்டர் டிவில்பிஸ்னு ஒருத்தரு. தொண்டப் புண்ணுக்கு மருந்தத் தூவறதுக்குன்னு 1880கள்ல ஒரு பீச்சுங் கருவி பண்ணுனாரு. அவரு பையன் அத மாத்தி 1907ல பெயின்ட் அடிக்கற கன்னு ஆக்கீட்டான். அப்பன் தொண்டையக் காப்பாத்தப் பண்ணுனது, மகன் கையில தொண்டைய அடைக்கற சாமானமாப் போச்சு.

இனிச் சொல்றத மட்டும் சிரிக்காமக் கேளு. கடைசியா மினுமினுப்புக்குக் கிளியர் கோட்டுன்னு அடிப்பாங்க. ஹார்டனர் கலந்து அடிக்கற கிளியர்ல ஐசோசயனேட்டுன்னு ஒண்ணு இருக்குது. 1984ல போபால்ல வந்த வெசக் காத்துக்கு அது தூரத்துப் பங்காளி. அந்தளவுக்கு மோசமில்லதான், ஆனா கன்னுல அடிச்சாப் பொகையா நெஞ்சுக்குள்ள போயிரும். மூக்குல கர்சீப் கட்டுனா, கர்சீப்புக்குத்தான் பாதுகாப்பு. தூசிக்குப் போடற முகமூடியும் இதுக்கு ஆகாது. வெளியில இருந்து நல்ல காத்து குழாயில வர்ற முகமூடி போட்டுக்கிட்டுத்தான் அடிக்கோணும். எங்க செட்டுல ஒருத்தன், நல்ல வேலக்காரன், நாப்பத்தஞ்சு வயசுல மேலமூச்சு வாங்க ஆரம்பிச்சான். அதுக்கப்பறம் டப்பாவத் தொறந்தாலே இழுக்கும். கன்ன வெச்சுட்டு வெத்தலக் கட போட்டுக்கிட்டான். இந்த வாசல்ல உங்கம்மா இருக்கறா, பக்கத்துல கொழந்தைக வெளையாடுது. தின்னர் வாசத்துக்கு அந்தப் பக்கம் கேஸ் அடுப்பும் எரியுது.

அதனால, கழட்டறது, கழுவறது, ஒடுக்கெடுக்கறது, தேய்க்கறது அத்தனையும் நீயே பண்ணிக்க. கலரையும் கிளியரையும் பட்டறைக்காரன் கூண்டுக்குள்ள அடிக்கட்டும். தேச்சுக் கொண்டுபோனா பாதிக் காசு கேப்பான், சண்ட போட்டா அதுலயும் கொறைப்பான். கலர மாத்தறதா இருந்தா மட்டும் ஆர்டிஓ ஆபீசுல சொல்லி ஆர்சி புக்குல மாத்திக்கோணும், அந்த வம்பே வேண்டாம்.

ஆனா பழகாத கைய நேரா காருல வெக்கலாமா? எதுலயாச்சும் பழகிட்டு வெச்சாத்தானே நல்லாருக்கும். கட்டுத்தரைக்குப் பின்னால என்ற டிவிஎஸ் 50 நிக்குது பாரு. மட்கார்டு ரண்டும் துருவு, நெளிசலும் வேணுங்கற அளவுக்கு இருக்குது. ஒரு வாரம் அதுல தேச்சியின்னா கை வந்துரும். மட்கார்டு வளைவு, கேட்டு நேர்தளம். நேர்தளத்துல தேய்க்கறதுதான் செரமம், அதனால கேட்டு ரண்டு கதவையும் தேச்சுப் பாத்துரு. உப்புத்தாள் 80, 180, 320 மூணும் போன வாரமே வாங்கி வெச்சுட்டேன், ஆசாரத்துல பரணு மேல இருக்குது. மட்கார்டுக்குச் செவப்பு. கேட்டுக்கு உங்க அமுச்சி பச்சைங்கறா, நானு நீலம்னு சொல்லீருக்கறேன். அத நீயே அவகிட்டப் பேசிக்க.