வில்லி நெல்சன்: வார்ப்பில் அடங்காத குரல்

கேள்வி: கன்ட்ரி இசையில் வில்லி நெல்சனின் ஆல்பங்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

பதில்: டெக்சாஸின் அபட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த வில்லி நெல்சன், முதலில் பாடலாசிரியராகவே பெயர் பெற்றார். அவர் எழுதிய ‘கிரேஸி’, 1961இல் பேட்ஸி கிளைன் குரலில் அழியாப் புகழ் அடைந்தது. அவருடைய சொந்தக் குரலையோ, நாஷ்வில் நகரத்து இசை நிறுவனங்கள் வயலின்களுக்கும் கோரஸுக்கும் அடியில் புதைத்தன. தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் பேசுவதுபோல் பாடும் பாணி அந்த வார்ப்பில் அடங்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் நாஷ்வில்லை விட்டு ஆஸ்டினுக்குக் குடிபெயர்ந்தார்.

1975இல் வந்த ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பம், ஒரு போதகரின் காதல், கொலை, மீட்சியைச் சொல்லும் பாட்டுக்கதை. கிதார், பியானோ, ஹார்மோனிகா எனச் சில கருவிகளே உண்டு. மௌனமும் ஒரு கருவியாக ஒலிக்கிறது. கொலம்பியா இசை நிறுவனத்தார் அதை முடிவுபெறாத மாதிரிப் பதிவு என்று நினைத்தார்கள்; ரசிகர்கள் முழு விருந்தாக ஏற்றார்கள். 1978இல் புக்கர் டி. ஜோன்ஸ் தயாரித்த ‘ஸ்டார்டஸ்ட்’, பழைய அமெரிக்க மெல்லிசைப் பாடல்களுக்குப் புத்துயிர் தந்து, கன்ட்ரி பட்டியலில் 10 ஆண்டுகள் நின்றது.

தன் பதிவின் ஒலியைப் பாடகரே தீர்மானிக்கலாம் என்று நெல்சனும் சக பாடகர் வேலன் ஜென்னிங்ஸும் நிலைநாட்டியதே ‘அவுட்லா’ இயக்கம். பின்வந்த கன்ட்ரி பாடலாசிரியர்கள் பலரும் இந்த உரிமையின் வாரிசுகள். 1985இல் நீல் யங், ஜான் மெலன்கேம்ப் ஆகிய பாடகர்களுடன் நெல்சன் தொடங்கிய ‘ஃபார்ம் எய்ட்’ கச்சேரிகள் கடனில் தவித்த குடும்ப விவசாயிகளுக்கு நிதி திரட்டின. 1993இல் கன்ட்ரி இசையும் 2023இல் ராக் இசையும் அவரைத் தத்தம் புகழ்க்கூடத்தில் அமர்த்தின.