படிவம் 26-ம் எங்கள் வீட்டு நகையும்

தேர்தல் வந்தால் எனக்கு ஒரு வியாதி வரும். தெருவிலுள்ள அத்தனை பேரையும் விவரமான வாக்காளராக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வீட்டிலேயே என் பேச்சு எடுபடாது என்பது ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் ஞாபகம் வரும்.

நோட்டா 2013-ல் வந்ததும் எங்கள் ஃப்ளாட் மொட்டைமாடியில் ஒரு பிரசங்கம் செய்தேன். நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று அடித்துவிட்டேன். அப்படியெல்லாம் இல்லை, அப்போதும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்எல்ஏ என்று திருத்தியது, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண். கைதட்டலும் அவளுக்குத்தான்.

பிறகு பிரமாணப் பத்திரத்தில் இறங்கினேன். உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னதிலிருந்து வேட்பாளர்கள் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார்கள். இப்போது படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவருடையதை ஒரு ராத்திரி இறக்கினேன். கோணலாக ஸ்கேன் செய்த பக்கங்கள். நோட்டரி முத்திரை சரியாக முக்கியமான எண் மேலேயே விழுந்திருந்தது. முதலில் படிக்க வேண்டியது வழக்குகள்தான். நான் தாவியதோ, மனைவி பெயரில் எத்தனை கிராம் தங்கம் என்ற கட்டத்துக்கு. எட்டால் வகுத்துச் சவரனாக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "நீங்க நின்னா இந்தக் கட்டத்துல என்ன எழுதுவீங்க?"

கடன் பகுதியை நன்றாக நிரப்பலாம் என்றேன். லேப்டாப் மூடப்பட்டது. வழக்குப் பக்கத்தை இன்றுவரை நான் படிக்கவில்லை.

மறுநாள் இஸ்திரி போடும் அக்காவிடம், "வேட்பாளர் சொத்துக் கணக்கு பாத்தீங்களாக்கா?" என்று ஆரம்பித்தேன். "அது கெடக்கட்டும் சார். லிஸ்ட்ல உங்க பேரு இருக்கா? கார்டு இருந்தா மட்டும் பத்தாது. வீடு மாறினா ஃபாரம் எட்டு குடுக்கணும். ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமை கேம்ப் போட்டாங்களே, வரலியா?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் 'வாக்களிப்பது நம் கடமை' என்று குரூப் குரூப்பாக அனுப்பிக்கொண்டிருந்தேன். பேர் பழைய வீட்டு முகவரியிலேயே பத்திரமாக இருந்தது. நல்லவேளை, மாற்ற இன்னும் நாள் இருந்தது. படிவத்தை எப்படி நிரப்புவது என்பதையும் அக்காவிடமே கேட்டுக்கொண்டேன்.

பட்டனை அழுத்தினதும் விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு நொடி தெரியும், சின்னம் சரிதானா என்று உற்றுப் பாருங்கள் என்றும் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். பூத்துக்குள் போன பிறகுதான் சட்டைப்பையைத் தடவினேன். மூக்குக் கண்ணாடி வீட்டில். சின்னத்தை ஒருமாதிரி குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து அழுத்திவிட்டு, ஏழு நொடியும் உற்றுத்தான் பார்த்தேன். ஏதோ வெள்ளையாக விழுந்தது.

வெளியே வரிசையில் நின்ற அக்கா, "சீட்டு சரியா விழுந்துச்சா சார்?" என்றார்.

"விழுந்துச்சுக்கா" என்றேன். அதுவரைக்கும் உண்மைதானே.