சரிவு சார்

தும்பி தாழப் பறந்தால் மழை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினாலும் மழை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படி விளக்கு ராத்திரி எட்டு மணிக்கே அணைந்துவிட்டால், உலகப் பொருளாதாரம் எங்கோ சரிந்துவிட்டது என்று அர்த்தம். அணைப்பவர் இரண்டாம் மாடிக்காரர். பெயர்ப்பலகையில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘சரிவு சார்’தான்.

தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுதும், இன்னொன்று ரீஃபில் போட்டால் எழுதும். சிக்கனக் கணக்குக்கென்று நோட்டு வாங்குவது அவர் கொள்கைக்கே விரோதம் என்பதால், பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். ஒரு பக்கத்தில் திருவளர்செல்வன், திருவளர்செல்வி. மறுபக்கத்தில் ‘தேங்காய் – மாதம் 12 – 7 ஆகக் குறைக்க’.

2008 செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. அந்த வாரமே மேற்கு மாம்பலத்தில் பேப்பர் போடும் பையனுக்கு ஒரு வீடு குறைந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது.

“தம்பி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கொடுங்க. உலகமே ஆடிப் போயிருக்கு. நாமதான் உஷாரா இருக்கணும்.”

அவர் உஷாராகிவிட்டார். அன்றிலிருந்து என் பேப்பரை நான் ஏழேகாலுக்கு மேல்தான் படிக்கிறேன்.

சரிவுக் காலத்தில் சாரின் கையில் கண்ணுக்குத் தெரியாத கத்தரி ஒன்று முளைத்துவிடும். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: “இது அத்தியாவசியமா, அனாவசியமா?” இஸ்திரி வண்டிக்காரர் அனாவசியம், மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தால் சட்டை தானாகவே படியும். பூக்காரம்மாவிடம் தினம் வாங்கும் அரை முழம் அனாவசியம். வெள்ளிக்கிழமை மட்டும் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாட்ச்மேனின் சாயங்கால டீயைக் கத்தரிக்க அவர் ஒரு தீர்மானமே கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த டீயை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். அது சங்கச் செலவு, அத்தியாவசியம்.

மின்சார விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒன்று தாண்டினாலும், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடுகிறது. இது தெரியாமல் பில்லைப் பார்த்துத் திகைக்கும் வீடுகள் நிறைய. சாருக்குத் தெரியும். அதனால் ரீடிங் எடுக்கும் வாரத்தில் டார்ச்சும் கையுமாக மீட்டர் பெட்டி முன்னால், கற்பூர ஆரத்திக்குக் காத்திருப்பவர்போல நிற்பார். 490-ஐத் தொட்டுவிட்டால் வீட்டில் மிக்ஸிக்கு விடுமுறை, ஆட்டுக்கல்லுக்கு வேலை. போன் சார்ஜருக்கு எங்கள் வீட்டுப் பிளக். நான் ஏற்கெனவே 500-ஐத் தாண்டியவன் என்பது அவருக்குத் தெரியும். தாண்டியவனுக்கு ஒரு போன் பெரிய பாரமில்லை என்பது அவர் கணக்கு.

இத்தனையும் மிச்சம் பிடிப்பது எதற்கு? இங்கேதான் சாரின் மறுபாதி வருகிறது. சிக்கனக்காரர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. சரிவைக் கண்டு சந்தோஷப்படும் சிக்கனக்காரர் சிலரே.

“தம்பி, பொருளாதாரச் சரிவுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? உலகத்துக்கே ஆடித் தள்ளுபடி! எல்லாரும் பயந்து ஓடுறப்ப நாம உள்ள போகணும். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் அப்படித்தான் போனார்.”

“பஃபேவா? அதான் இப்ப எல்லாக் கல்யாணத்துலயும் வந்துடுச்சே, தட்டை ஏந்திக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும். சாருடைய மனைவி. அதிகம் பேசமாட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 21,000-ஐத் தாண்டியிருந்தது. இறங்கத் தொடங்கியபோது சார் காத்திருந்தார். 15,000-க்கு வந்தது. “இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.” 10,000-க்கு வந்தது. “அடி எங்கேன்னு இன்னும் தெரியலை.” அக்டோபர் கடைசியில் ஒருநாள் 8,000-க்கும் கீழே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவர் கல்யாணப் பத்திரிகையில் கோடு போட்டு, 6,000 என்று எழுதி வட்டமிட்டார். “இதுதான் நம்ம விலை.” அந்த விலை வரவே இல்லை.

அடுத்த வருடம் மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. நிலையான ஆட்சி என்று தெரிந்ததும் சாருக்குத் துணிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை, மே 18. ஒன்பதரைக்கெல்லாம் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தரகர் அலுவலகத்துக்குப் போனார். சந்தை திறந்தது. திறந்த ஒரு நிமிடத்துக்குள் ஏறுவதற்கு உள்ள வரம்பைத் தொட்டதால் வணிகத்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி திறந்தார்கள், மறுபடி பாய்ந்தது, அன்றைய வணிகத்தையே மூடிவிட்டார்கள். ஒரே நாளில் 2,000 புள்ளிக்கு மேல் ஏற்றம். அத்தனை நாள் திறந்திருந்த சந்தைக்குப் போகாத மனிதர், உள்ளே நுழைய முடியாதபடி மூடிய அந்த ஒரு நாளாகப் பார்த்துப் போனார். திரும்பி வந்து, “பஸ் கட்டணம் அனாவசியமாப் போச்சு” என்றார்.

2020-லும் இதே கதை. மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்து 26,000-க்கும் கீழே முடிந்தது. “20,000 வரட்டும்” என்றார் சார். அடுத்த ஜனவரியில் அது 50,000-ஐத் தொட்டது. “ஒரு திருத்தம் வரும், பாருங்க” என்று இன்றும் காத்திருக்கிறார்.

வாங்காத பங்கால் அவர் எதையும் இழக்கவில்லை. இழந்தது, வாங்கிய ஒன்றால்.

2019-இல் நாடு முழுக்க வாகன விற்பனை படுத்தது. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகள் சிலவற்றில் வேலையில்லா நாட்கள் அறிவித்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள் ஊருக்குத் திரும்பினார்கள். சார் கண்ணில் மட்டும் ஒளி. “இப்பத்தான் பேரம் படியும், தம்பி. ஐம்பதாயிரம் தள்ளுபடி தர்றான். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டா வராது.” அவருக்கு ஓட்டத் தெரியாது என்ற சின்ன விஷயத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பாக்கிக்கு வங்கிக் கடன் போட்டு, வெள்ளை நிறக் கார் ஒன்று வந்து சேர்ந்தது. பானட்டில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

ஆனால் கார் வந்த அன்றே உள்ளே உறங்கிக்கொண்டிருந்த கத்தரி விழித்துக்கொண்டது. பெட்ரோல் அனாவசியம் அல்லவா? மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகருக்கு ரயில் பாலத்தைத் தாண்டினால் போதும், நடந்தே போகலாம். டிரைவர் வைப்பது அனாவசியத்திலும் அனாவசியம். ஆகவே சாம்பல் நிற உறை போர்த்தப்பட்டு அது கீழ்த்தளத்தில் தூங்கியது. பூனை ஒன்று அதன் மேல் இரண்டு முறை குட்டி போட்டது. ஓடாத காரின் பேட்டரி செத்தது. ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்ட வேண்டியிருந்தது. “ஆனா பாருங்க, இதுவரைக்கும் பெட்ரோல் செலவு எவ்வளவு? ஒண்ணரை லிட்டர்!” என்று அதிலும் ஒரு மிச்சத்தைக் கண்டுபிடித்தார்.

பிறகு கொரோனா வந்தது. கடன் தவணையைச் சில மாதம் தள்ளிப் போடலாம் என்று ரிசர்வ் வங்கி வழிவிட்டது; மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் அந்தச் சலுகை நீண்டது. சாருக்கு இனிப்புச் செய்தி. “ஆறு மாசம் தவணை கிடையாது, தம்பி. சும்மா வருது!” சும்மா எதுவும் வரவில்லை. தள்ளிப்போனது தவணைதான், வட்டி ஒரு நாளும் ஓய்வெடுக்காமல் ஏறிக்கொண்டிருந்தது. 5 லட்சம் பாக்கி, 9.5 சதவீத வட்டி, ஆறு மாதம் என்றால் 23,750 ரூபாய். கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவருக்கு இது தெரியாமலா போகும்? அடுத்தவர் கணக்கென்றால் தெரிந்திருக்கும். ஐம்பதாயிரம் தள்ளுபடியில் பாதியை வட்டி தின்றது. மீதியை இன்சூரன்சும் பேட்டரியும் பங்கு போட்டுக்கொண்டன.

அந்தச் செப்டம்பரில் ஒருநாள் அக்கா என் மனைவியோடு வங்கிக்குப் போய் வந்தார். கார் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. எப்படி என்று சாருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

2008 கடைசியில், சார் 6,000-க்கு வட்டம் போட்டுக் காத்திருந்த அதே வாரங்களில், வங்கிகள் வைப்புத் தொகைக்கு 10 சதவீதம் வட்டி தந்துகொண்டிருந்தன. சரிவு வந்தால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும், அதற்குள் நல்ல வட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று அக்காவுக்கு எந்தப் பஃபெட்டும் சொல்லவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண், “இந்த வட்டி ரொம்ப நாளைக்கு இருக்காதும்மா” என்று சொன்னாள், அவ்வளவுதான். அவள் சொன்னது பலித்தது: அந்த அக்டோபரின் தொடக்கத்தில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, ஏப்ரலில் 4.75-க்கு வந்துவிட்டது. அதற்குள் சிறுவாடும் சீட்டு எடுத்த பணமுமாக அக்கா ஒரு லட்சத்தை மூன்று வருடத்துக்குப் போட்டுவிட்டார். முதிர்ந்து வந்தது 1.34 லட்சம். பிறகு அதையே புதுப்பித்து, மாதாமாதம் தபால் ஆபீஸ் ஆர்.டி.யும் கட்டி வந்திருக்கிறார். பூக்காரம்மாவை நிறுத்தவில்லை, அரை முழத்தைக் கால் முழமாக்கிக்கொண்டார். ஊரடங்கில் வேலைக்கு வர முடியாத பெண்ணுக்கு, சாருக்குத் தெரியாமல், முழுச் சம்பளமும் கொடுத்தார்.

சார்களுக்குச் செலவு என்பது அடுத்தவர் கைக்குப் போகும் ஐந்து, பத்து. தான் ஆசைப்பட்டு வாங்கும் லட்சத்துக்குப் பெயர் செலவு அல்ல, சந்தர்ப்பம். சரிவுக் காலத்தில் கத்தரியை முதலில் வைக்க வேண்டிய இடம் பூக்காரம்மாவின் கூடையோ வாட்ச்மேனின் டீக்கிளாசோ அல்ல, மாதாமாதம் வட்டி கட்டும் ரசீது. அடைத்த கடனுக்குச் சந்தை சரிந்தாலும் நஷ்டமில்லை.

இதையெல்லாம் நான் சாரிடம் சொன்னதில்லை. கொரோனாவின்போது பேப்பரில் கிருமி வரும் என்று ஊரே பயந்தது. நானும் நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் வாய்விட்டு யோசித்தேன். பதறிப்போய்விட்டார்.

“அதை மட்டும் செய்யாதீங்க தம்பி! பேப்பர் அத்தியாவசியம்!”

மறுநாளிலிருந்து பேப்பரை மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, படித்து, மடித்து, எட்டரைக்கு என்னிடம் கொடுத்தார். 2008 முதல் இன்றுவரை, எந்தச் சரிவிலும் அவருக்கு நஷ்டமே தராத திட்டம் அது ஒன்றுதான். முதலீடு என்னுடையது.