ஃபேனை நிறுத்துங்கள், எல்.சி. போடுகிறார்

இவரைக் காளான் வளர்ப்பவர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். தவறு. இவர் வளர்ப்பது ஜாடி. அரை லிட்டர் தண்ணீர், அதில் 20 கிராம் தேன், குக்கரில் ஒரு வேக்காடு, ஆறியதும் மூடியின் ரப்பர் துளை வழியாகச் சிரிஞ்சால் ஒரு சொட்டுக் காளான் இழை. இதற்கு லிக்விட் கல்ச்சர் என்று பெயர். வீட்டில் செல்லமாக எல்.சி. பத்து நாளில் தேன் தண்ணீருக்கு அடியில் பஞ்சுபோல் ஒன்று படுத்துக்கிடக்கும். வந்தவருக்குக் காப்பி வருவதற்கு முன்பே இந்த ஜாடி வந்துவிடும். மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுவார். பஞ்சு எழும், சுற்றும், நார்நாராகப் பிரியும், மறுபடி மெல்லப் படுக்கும். ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். போதாதென்று பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடிப்பார். “தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க சார்!” பார்த்தாயிற்று. காப்பி ஆறிக்கொண்டிருக்கும். அடுத்த ஜாடி வரும். காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு தரம், ஆபீஸ் கிளம்பும்போது ஒரு தரம், கரண்ட் போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு தரம் என்று இந்தத் தரிசனம் நாள் முழுக்க நடக்கிறது.

இதில் விசேஷம், அந்த வெளிச்சம் ஒன்றையும் நிரூபிப்பதில்லை என்பதுதான். தண்ணீர் கலங்கிவிட்டால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று சொல்லலாம். தெளிவாக இருப்பதால் புகவில்லை என்று சொல்ல முடியாது. அது தெரிய நம்பகமான வழி, கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் கடல்பாசியைக் கூழாக்கி உறையவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சில நாள் காத்திருப்பது. வெள்ளை இழை மட்டும் படர்ந்தால் பாஸ். வழவழப்பாகவோ பச்சையாகவோ ஏதாவது முளைத்தால் ஃபெயில். இது இவருக்கு நன்றாகத் தெரியும், அடுத்தவருக்குப் பாடமே எடுப்பார். தன் ஜாடிக்கு மட்டும் செய்ய மாட்டார். சர்க்கரை ஏறியிருக்குமோ என்று சந்தேகப்படுபவர் லேப் பக்கமே போகாமல் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொள்வதில்லையா, அந்த ஜாதி. தட்டு தீர்ப்புச் சொல்லிவிடும். ஜாடி சொல்லாது, ஆடிக் காட்டும்.

இவர் சார்பாக ஒரு வாதம் உண்டு. உறை மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதும் இதே வேலைதானே, தினமும் எல்லா வீட்டிலும் நடப்பதைக் கேலி செய்யலாமா? நியாயமான கேள்வி. பதிலும் இவருக்கே கொஞ்சம் சாதகம்தான். தயிரில் புளிப்பு காவல் நிற்கிறது. பால் புளித்த பிறகு வேறு எதுவும் எளிதில் தலைகாட்டாது. தேன் தண்ணீருக்கு அந்தக் காவல் கிடையாது, காற்றில் மிதக்கும் எதுவும் விருந்தாளியாக இறங்கிவிடும். ஆகவே கையில் சானிடைசர், ஊசி நுனியில் நெருப்பு, பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கைவிட்டு மூச்சடக்கிச் செய்யும் வேலை எல்லாம் சரி. காற்று அசையக்கூடாது என்பதும் சரி. ஆனால் அதற்காக மே மாதத்துச் சென்னையில் ஹால், படுக்கையறை, மாமனார் படுத்திருக்கும் அறை என எல்லா ஃபேனையும் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்வதை விஞ்ஞானத்தின் கணக்கில் எழுத முடியாது. வீடே வேர்த்து வழிகையில் ஒரே ஒரு விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்: பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, இரண்டு காந்தம் ஒட்டி, ஜாடிக்கு அடியில் வைத்த விசிறி. மூடிய ஜாடிக்குள் காந்தக் குச்சியைச் சுழற்றி இழையை உடைக்கத்தான். குக்கர் விஷயம் இதைவிட மோசம். காளான் வித்துக்கான சோளத்தை ஒன்றரை மணி நேரம் பிரஷரில் வைக்க வேண்டும் என்று எடுத்துப்போனால், அன்றைக்குப் பருப்பு வேகாது. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

“திரவ வித்து சோளத்தில் சீக்கிரம் பரவும்” என்பது இவர் கையிலிருக்கும் பெரிய ஆயுதம். உண்மைதான், ஒரு சிரிஞ்சு விட்டால் ஒரே சமயத்தில் நூறு இடத்தில் இழை கிளம்புகிறது. மிச்சமாவது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்க இவர் இரண்டு வருஷமாக உழைக்கிறார். ஒரு ஜாடியிலிருந்து 10 மில்லி எடுத்து அடுத்ததில், அதிலிருந்து அதற்கடுத்ததில் என்று வம்சம் விருத்தியாகிறதே தவிர, வைக்கோல் வரைக்கும் எதுவும் போய்ச் சேருவதில்லை. வேளாண் பல்கலைக்கழகக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி பாலிதீன் பையில் வைக்கோலும் வித்தும் அடுக்கித் தொங்கவிடும் பெண்கள் ஒரு மாதத்துக்குள் சிப்பிக்காளான் அறுத்து விற்றுவிடுகிறார்கள். அது சாதாரணக் காளானாம், இவர் குறி சிங்கப்பிடரிக் காளான். அதற்கு இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும், ஆக ஏசி அறையும் போயிற்று. 30, 35 டிகிரியில் ஆனந்தமாக வளரும் நம் பால் காளானை, அதில் ஏ.பி.கே. 2 என்று பல்கலைக்கழகம் ரகமே வெளியிட்டிருந்தும், இவர் சீண்டுவதில்லை. சுலபமாக வருகிறதாம். வீட்டில் காளான் பிரியாணி செய்கிற நாளில் மார்க்கெட்டிலிருந்து பட்டன் காளான் பாக்கெட் வரும். அதை இவர் ஆட்சேபித்ததே இல்லை, நன்றாகச் சாப்பிடுவார்.

ஆனாலும் கஞ்சன் என்று இவரைச் சொல்லிவிட முடியாது. விடைபெறும்போது வெற்றிலை பாக்கு மாதிரி ஒரு சிரிஞ்சு கொடுப்பார், தேதி எழுதி லேபிள் ஒட்டி. இன்சுலினோடு கலந்துவிடக்கூடாது என்று சிவப்பு மையில் ‘காளான்’ என்றும் எழுதியிருப்பார். வாங்கிப் போனவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது, எறியவும் மனம் வராது. ஃபிரிட்ஜ் கதவில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் கிடக்கும். மறுபடி பார்க்கும்போது, “என்ன, வளர்ந்துச்சா?” என்பார். “லைட்ல பிடிச்சுப் பார்த்தேன் சார், தெளிவா இருக்கு” என்றால் போதும். காளான் வந்ததா என்று அவர் கேட்கவே மாட்டார்.