செத்தும் கொடுத்த யெஸ்டி

அப்பாவின் யெஸ்டி ரோடுகிங் எங்கள் ஈரோட்டு வீட்டு வராந்தாவில் பல வருஷமாகச் செத்துக் கிடந்தது. அதனால் உபகாரம் பெறாத ஜீவன் வீட்டில் கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் அம்மாவின் மஞ்சள் பை, மறுபக்கம் குடை. சீட்டின் மேல் முறம் நிறைய வடகம். கிராஷ் கார்டில் ஈரத் துண்டு. பூனை பிரசவத்துக்கென்றே அதன் அடியில் வந்து படுக்கும். இப்படிப்பட்ட தர்ம சத்திரத்தைக் கலைத்து ரோட்டில் ஓட விடலாம் என்று எனக்குத் தோன்றியதைச் சனியின் பார்வை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் காலத்து மெக்கானிக் பையன்கள் வண்டியைச் சுற்றி வந்து செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கருங்கல்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளே இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். "பிஸ்டன் பிடிச்சிருக்குங்க" என்றவர், பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டார். "நல்லா ஊறட்டுங்க. அவசரப்பட்டு மிதிச்சீங்கன்னா ரிங்கு போயிரும்."

ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர் வைத்தது, வண்டியைத் தயாரித்த மைசூர்க்காரர்களின் தாராளம். ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மற்றதில் அக்கா மகன் சேமித்து வைத்த கோலிக்குண்டுகள். கார்புரேட்டரைப் பிரித்த பெரியவர், பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒற்றை இழையை உருவி, ஜெட்டின் கண்ணைத் துழாவி, வெயிலுக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மறுபடி துழாவினார். காது குத்தும் ஆசாரிக்குக்கூட அவ்வளவு நிதானம் இருக்காது.

மைசூர் ஆலையில் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. 2022-ல் யெஸ்டி என்ற பெயரில் புது வண்டி வந்தது உண்மைதான். ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் பாகம் எதுவும் இதற்குச் சேராது. பங்காளி என்றாலும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

பாகங்களுக்குத்தான் பஞ்சம், கதைகளுக்கு இல்லை. தெருவில் போகிற ஐம்பது வயதுக்காரர்கள் ஒருவர் விடாமல் நின்று, தங்களுடைய யெஸ்டி கதையைச் சொன்னார்கள். எல்லாக் கதையிலும் வண்டி மூன்று பேரைச் சுமந்துகொண்டு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியது. எவர் கதையிலும் இறங்கவில்லை. அந்த பிரேக்கை அழுத்திப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

கடைசியில் கிக்கர். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்த பிறகு பழைய இடத்துக்குப் போனால் கியர். தெரியாதவன் கிக்கரைத் தேடிக்கொண்டே நிற்பான். ஆகவே திருடன் பயம் இல்லை. பெரியவர் உதைத்தார். இருமல், தும்மல், பிறகு தெருவையே மறைக்கும் டூ-டி ஆயில் புகை. மாநகராட்சி கொசு மருந்து அடிக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா ஜன்னல்களைச் சாத்தினார். அம்மா வடக முறத்தோடு உள்ளே ஓடினார்.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமே! சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். துருவின் புண்ணியத்தில் 3 எது, 8 எது என்று வண்டிக்கே தெரியவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகுதான் அது 3 என்று ஒப்புக்கொண்டது.

இப்போது வண்டி ஓடுகிறது. பால் வாங்க மொபெட்டில்தான் போகிறேன். மஞ்சள் பைக்கு ஆணி அடித்தாகிவிட்டது. பூனை அடுத்த வீட்டுக்கு மாறிவிட்டது. ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மைசூர்ப் பக்கம் யாரிடமாவது பழைய ஒரிஜினல் இருந்தால் தகவல் சொல்லுங்கள். வண்டியை விலைக்குக் கேட்டு மட்டும் வராதீர்கள். நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தால், அம்மா சும்மாவே கொடுத்துவிடுவார்.