ஏட்டுத் தேன்

மருமவனே, தேனீ வளக்கணும்னு நீ கெளம்பின நாள்ல இருந்து வீட்டுல புஸ்தகம் பெருகியாச்சு. தேனீ ஒண்ணுகூடப் பெருகல. பரவாயில்ல, புஸ்தகம் கொட்டாது. புத்திசாலிப் பய நீ.

மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, அடுக்குத்தேனீன்னு வகை பிரிச்சு ஒப்பிக்கே. பெட்டிக்குத் தோது அடுக்குத்தேனீதான்னும் சொல்லுதே. நியூட்டன் பாதிரியார் நூறு வருசத்துக்கு முந்தி உண்டாக்கின பெட்டியோட நீளம் அகலமெல்லாம் உனக்குத் தலகீழ்ப் பாடம். அந்தப் பெட்டி திண்ணையில சும்மா கெடக்கு, பல்லி குடியேறியாச்சு. சொன்னா பல்லி வளக்கவும் புஸ்தகம் வாங்கிருவேன்னு பயந்து வாயத் தொறக்கல.

படிக்கவே வேண்டாம்னு சொல்லல, கேட்டியா? கொட்டு வாங்கினா கொடுக்கத் தாமசம் பண்ணாம நகத்தால சுரண்டி எடுத்துரணும். கொட்டின எடத்துல வாழப்பழ வாசம் கெளம்பும். அத மோந்துதான் மத்ததும் கூடி வரும். அதனால பழத்தத் தின்னுட்டுப் பெட்டிகிட்டப் போவாத. சிலருக்கு ஒத்தக் கொட்டே உசுருக்கு ஆபத்து. பெட்டிக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைக்கலன்னா எறும்பு ஏறிரும். இதெல்லாம் பட்டுத் தெரியாண்டாம், படிச்சே தெரிஞ்சுக்கிடலாம். ஆனா ஈ மொய்க்கிற சட்டத்த அசங்காமத் தூக்குறது கைக்குள்ள பாடம். இரைச்சல் மாறினதும் மூடிய வச்சிரணும்ங்கது காதுக்குள்ள பாடம். அதுக்கு அச்சாபீஸ் கெடையாது.

அந்த ஈயவே பாரு. வேலக்கார ஈ வெளிய வந்த உடனே அறையத் துப்புரவு பண்ணும். பொறவு புழுவுக்குத் தீனி, மெழுகு வேலை, வாசக் காவல். ஏறக்கொறைய மூணு வாரம் கழிச்சுத்தான் பூவுக்குப் போவும். அதுக்கு முந்தி கூட்டுக்கு முன்னாலயே வட்டம் போட்டு வீட்டு அடையாளம் படிக்கும். அதுவும் படிக்கத்தான் செய்யுது, பறந்துக்கிட்டே படிக்குது. தேன் காலத்துல அதோட ஆயுசே ஒன்றரை மாசந்தான். உனக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தத் தெம்புலதான் முன்னுரையவே ரெண்டு மட்டம் வாசிக்கே.

மாசி பங்குனியில ரப்பர் துளுக்கும். அந்த எளந்துளிரோட காம்புல சுரக்குறதுதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனுக்குப் பெரிய வரத்து. நீ கடைசி அத்தியாயம் முடிக்கட்டும்னு ரப்பர் மரம் காத்துக் கெடக்காது.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளக்குறவங்களுக்குப் பஞ்சமா? ஒருத்தர்கிட்ட ஈயோட சேத்தே பெட்டி வாங்கு. மொகத்துக்கு வல போட்டுக்கோ. மழையும் காத்தும் இல்லாத காலம்பற அவர் பக்கத்துல நின்னு தொற. கண்ணால பாத்தத ராத்திரி புஸ்தகத்துல தேடு. அப்பதான் எழுத்து நல்லாத் தெரியும் மருமவனே, கண்ணு வீங்காம இருந்தா.