புனைபெயரில் ஒரு துபாய்

துபாயில் நாங்கள் வலைப்பதிவு எழுதிய காலத்தில் யாருக்கும் முகம் கிடையாது. ஊர்ப்பெயரோடு ஒரு 'யான்' சேர்த்துக்கொள்வோம், இல்லையென்றால் சினிமாப் பாத்திரத்தின் பெயர், அதுவும் தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு பறவை. கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்கள் என்று பயம். அப்படி என்னதான் எழுதினோம் என்று இப்போது எடுத்துப் பார்த்தால் கராமாவில் வாடகை ஏறிவிட்டது என்று ஒரு பதிவு. ரூமில் அன்றைக்குச் சமையல் என் முறை, சாம்பார் அடிப்பிடித்துவிட்டது என்று இன்னொன்று. ஷார்ஜா போகும் இத்திஹாத் ரோட்டில் வண்டி நகரவே இல்லை என்று மாதத்துக்கு ஒன்று. இந்த ராஜாங்க ரகசியங்களுக்குத்தான் புனைபெயர்.

பயம் முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பாக்தாத்தில் சலாம் பாக்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் 2003 போரின்போது குண்டு விழுகிற ஊரின் அன்றாடத்தை எழுதி உலகத்தையே வாசிக்க வைத்தார். சவூதியில் ஃபுவாத் அல் ஃபர்ஹான் சொந்தப் பெயரிலேயே எழுதினார். 2007 டிசம்பரில் பிடித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த ஏப்ரலில்தான் விட்டார்கள். எகிப்தில் கரீம் ஆமெர் எழுதியதற்கு 4 வருடம் சிறை. இதையெல்லாம் கேள்விப்பட்டுக்கொண்டே நாங்கள் சாம்பாரைப் பற்றி எழுதினோம்.

என் ஆபீஸில் பக்கத்து மேஜை எகிப்துக்காரர். கணக்குப் பிரிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார். என்னவென்று கேட்டால் மஹல்லா என்ற ஊரில் ஒரு மருந்தாளுநர் பெண், தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை வரிசையாகக் கிழித்துத் தொங்கவிடுகிறாள் என்று கதை சொல்வார். கதா அப்துல் ஆல் 2006-இல் தொடங்கிய பதிவு அது. 2008-இல் புத்தகமானது, 2010 ரமலானில் டிவி தொடராகவும் வந்தது. சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பதில் வேறு பலகாரம் என்பதைத் தவிர அந்தக் கதையில் எனக்கு அந்நியமாக எதுவும் தெரியவில்லை. அவர் அரபியை ஆங்கில எழுத்தில் தட்டுவார். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு எண்கள். 'ஹபீபி'யின் முதல் எழுத்துக்கு 7, 'ஐன்' வரவேண்டிய இடத்தில் 3. வாக்கியம் பார்க்க வங்கிக் கணக்கு மாதிரி இருக்கும், கணக்குப் பிரிவுக்குப் பொருத்தமாக.

எங்கள் பாடு இன்னும் மோசம். நாயிஃப் பக்கத்து இன்டர்நெட் கடையில் ஒவ்வொரு முறையும் எ-கலப்பையை இறக்கி நிறுவினால்தான் தமிழ் வரும். கடைக்காரர் மலையாளி. முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "இது வைரஸ் ஆணோ?" என்று கேட்பார். தமிழ் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அரை மணி நேரக் காசு ஓடிவிடும். மீதியில் பதிவு ஏற்றி, தமிழ்மணம் திரட்டியில் இணைத்து, முதல் பின்னூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று எவனாவது போட்டிருப்பான். பதிவைப் படித்திருக்க மாட்டான்.

எழுத விஷயம் தந்தது காத்திருப்புதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆகஸ்ட் மாதம், ஏசி இல்லாத பஸ் நிறுத்தம், வருமோ வராதோ தெரியாத பஸ், எதிரே விளக்குக் கம்பத்தில் 'தென்னிந்திய பேச்சுலருக்கு பெட் ஸ்பேஸ்' என்று ஒட்டிய காகிதம். அதன் அடியில் கத்தரித்து விட்டிருக்கும் போன் நம்பர் வால்களில் எத்தனை கிழிபட்டிருக்கின்றன என்று பார்த்தே அந்த ரூமின் தராதரத்தைச் சொல்லிவிடலாம். ஒரு பதிவு முழுக்க அங்கேயே மனதுக்குள் எழுதி முடித்துவிடுவேன். டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய கதையைத் தொடராக எழுதாத துபாய்ப் பதிவர் கிடையாது. ஒவ்வொரு முறை ஃபெயிலானதும் ஒரு பாகம், கடைசியில் 'தொடரும்'. முதல் தடவையிலேயே பாஸானவனை எழுத்தாளனாகவே நாங்கள் மதிக்கவில்லை.

பதிவர் சந்திப்பு கிரீக் பார்க்கில் நடக்கும். நுழைவுக் கட்டணம் 5 திர்ஹம். எழுத்தில் புரட்சிப் புயலாக வீசியவர் தயிர்சாதப் பொட்டலத்தோடு, பெண்டாட்டிக்குப் பயந்து ஐந்து மணிக்கே கிளம்புவார். அவருடைய நிஜப்பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை, அது ஒரு மரியாதை.

ஆபீஸ் வேலைக்கு அப்போது பதிவுலகில் 'ஆணி' என்று பெயர். 'ஆணி அதிகம், அதனால்தான் பதிவு இல்லை' என்று எல்லோரும் புலம்புவார்கள். 2008 கடைசியில் பொருளாதாரம் சரிந்தபோது ஆணியே இல்லாமல் போனது. நிறையப் பேருடைய கடைசிப் பதிவு ஊருக்குக் கிளம்பும் செய்திதான்; சிலர் அதையும் எழுதவில்லை. 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி இரவு 9 மணி 9 நிமிடம் 9 நொடிக்கு மெட்ரோவைத் திறந்தார்கள். அன்று எழுத எங்களில் பாதிப் பேர் துபாயில் இல்லை. நவம்பரில் துபாய் வேர்ல்டு கடனுக்கு அவகாசம் கேட்டது. நாங்கள் வருடக்கணக்காக 'புர்ஜ் துபாய்' என்று படம் போட்டுவந்த 828 மீட்டர் கட்டடம், 2010 ஜனவரியில் திறந்த ராத்திரி அபுதாபி ஷேக்கின் பெயரில் 'புர்ஜ் கலீஃபா' ஆனது. புனைபெயரின் அருமை அந்தக் கட்டடத்துக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது பஸ் எப்போது வரும் என்று போன் சொல்கிறது, நிறுத்தத்திலும் பல இடங்களில் ஏசி. வெள்ளிக்கிழமை என்றால் விடுமுறை, பிரியாணி, பதிவு என்று இருந்தது. 2022-இல் அரசாங்கம் சனி, ஞாயிறுக்கு மாறியதும் அதுவும் அரை நாளாகிப்போனது. கார்ஹூத் பாலத்தைக் கடக்க 2007-இல் 4 திர்ஹம் சாலிக் சுங்கம் போட்டபோது ஆளுக்கொரு கண்டனப் பதிவு எழுதினோம். 2025-இல் நெரிசல் நேரத்துக்கு அது 6 ஆனது. என் டிரைவர் நண்பர் ஒற்றைச் சொல்லில் திட்டிவிட்டுக் கடந்துபோனார். கிரீக்கைக் கடக்கும் அப்ராப் படகு மட்டும் இன்னும் ஒரு திர்ஹம்தான். 50 ஃபில்ஸிலிருந்து ஒரு திர்ஹமாக ஏற்றியபோது உலகமே முடிந்ததைப் போலப் பொங்கியவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஏற்றவே இல்லை என்பதைப் பாராட்டி ஒருவரும் எழுதவில்லை.

முகத்தை மறைப்பது போய், முகம்தான் மூலதனம் என்றாகிவிட்டது. 2018-இல் சமூக ஊடகத்தில் விளம்பரக் காசு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கமே லைசென்ஸ் கொண்டுவந்தது, 15,000 திர்ஹம் கட்டணத்தோடு. கம்பெனிக்குத் தெரியாமல் எழுதியது போய், கம்பெனியே சம்பளம் கொடுத்துப் பேசச் சொல்கிறது. சாம்பார் அடிப்பிடித்தால் அதற்கும் ஒரு பாத்திரக் கம்பெனி ஸ்பான்சர் செய்யும்.

என் பழைய ரூம்மேட்டின் மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். 'வணக்கம் மக்களே' என்று வீடியோவைத் தொடங்குகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். போன மாதம் "பழைய துபாய் பத்தி நீங்க பேசணும் அங்கிள்" என்று அல் சீஃபுக்கு அழைத்துப் போனான். 2017-இல் கட்டிய இடம். சுவரின் காரை உதிர்ந்ததுபோலப் பூசியிருக்கிறார்கள், மரக்கதவு நூறு வருடம் வெயில் குடித்ததுபோல வெளிறியிருக்கிறது. அதற்குள்ளே ஸ்டார்பக்ஸ். நான் ரூம், பெட் ஸ்பேஸ், நாயிஃப் கடை என்று ஆரம்பித்தேன்.

"முப்பது செகண்டுல முடிங்க அங்கிள்."

கிரீக்குக்கு அந்தப் பக்கம் கைகாட்டி, "தம்பி, நான் சொல்ற இடமெல்லாம் தேராவுல இன்னும் இருக்கு. ஒரு திர்ஹம் குடுத்தா அப்ராவுல போயிரலாம், அங்கயே எடுப்போமே" என்றேன்.

அவன் அந்தக் கரையை ஒரு தடவை கேமரா வழியாகவே பார்த்தான். "அங்க பழைய லுக் வராது அங்கிள்" என்று சொல்லிவிட்டு, என்னை நகர்த்தி அந்த மரக்கதவுக்கு முன்னால் நிறுத்தினான்.